நீர் காத்திருக்கும் இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'நகர வளர்ச்சியும் கடற்புயலும்: வெள்ள இழப்பின் இரு காரணங்கள்' என்று அச்சாகியிருக்கிறது. நான் கொடுத்த தலைப்புதான். ஆனால் பேச்சை எழுத உட்கார்ந்தபோது 'இரு காரணங்கள்' என்ற சொல் உறுத்தத் தொடங்கியது. புயலால் இவ்வளவு, நகரத்தால் இவ்வளவு என்று பிரித்துக் கூட்டினால் கணக்கு ஒருநாளும் சரியாக வருவதில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் நம்மைப் பிடிக்கின்றன. அந்த இடம் எது என்று காட்டுவதே இன்று என் வேலை. எடுத்துக்காட்டுக்குத் தொலைவில் போகவேண்டியதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் சென்னையே போதும்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு. வேளச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பகலெல்லாம் கொட்டிய மழை எங்கள் பக்கம் சற்றுத் தணிந்திருந்தது. வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தேன். நீரியல் வாத்தியார் அல்லவா, "இனிப் பயமில்லை" என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன். சற்று நேரத்தில் குளியலறையில் களக் களக்கென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் தரைச் சல்லடை வழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கிறது. நான் வாசலைக் காத்துக்கொண்டிருந்தேன்; தண்ணீர் தான் வெளியேற வேண்டிய குழாய் வழியாகவே உள்ளே வந்தது.

விடியும்போது முழங்காலுக்கு மேல். மாடி வீட்டில் தஞ்சம் புகுந்தோம். மாடிப்படி இறங்கும் சுவரில் என் மகள் பென்சிலால் ஒரு கோடு போட்டு '2' என்று தேதி எழுதினாள். மறுநாள் '3' என்று எழுதப் போனால் கோடு அதே இடம். '4' ஒரு விரற்கடை கீழே. '5' அன்றுதான் ஒரு சாண் இறங்கியது. மழை எப்போதோ விட்டாயிற்று. தண்ணீர் நகரவில்லை.

அந்த நான்கு கோடுகளிலிருந்துதான் இன்றைய கருத்து வந்தது. தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதைப் போலவே, எவ்வளவு நேரம் நின்றது என்பதும் இழப்பைத் தீர்மானிக்கிறது. நிற்கும் நேரத்தை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: கடல் எப்போது வாங்கிக்கொள்ளும், அதுவரை தண்ணீர் எங்கே காத்திருக்கும். புயல் முதலாவதைக் கெடுக்கிறது. நகரம் இரண்டாவதைக் கெடுத்துவிட்டது. இதை ஏழு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. கடல் எல்லா நேரமும் வாங்குவதில்லை

மழைக்காலச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: "கடல் நீரை உள்வாங்காததால் வெள்ளம் வடியவில்லை." கேட்பவர்கள் இதை அதிகாரிகளின் சாக்கு என்பார்கள். சாக்குதான், ஆனால் பொய் இல்லை.

அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். "வாடையில கடலு பொங்கி நிக்கும் சார். ஆறு வந்து வாசல்லயே நிக்கும். கடலு எறங்குனாத்தான் ஆறு எறங்கும்" என்றார். நான் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதிச் சொல்லும் பாடம் இது.

அவர் சொன்னதற்குப் பின்னால் உள்ள இயற்பியல் எளிதுதான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரும். மையத்தில் 25 மில்லிபார் இறங்கிய புயல், அங்கே கடலைக் கால் மீட்டர் தூக்கிவிடும். புயலுக்கு வடபுறம் அமைந்த நம் கரைகளில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுவதால் நீர் கரையில் குவியும். அலைகள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றும். அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்துகொண்டால் ஓதமும் கூடும். சென்னையில் ஓத ஏற்றத்தாழ்வே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அத்தகைய கரையில் அரை மீட்டர் உயர்வு என்பது பெரிய உயர்வு. நகரத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஆறேழு மீட்டர். பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பகுதிகள் அதைவிடவும் தாழ்வு.

இதோடு மணல் திட்டும் உண்டு. நம் கரையோர நீரோட்டம், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபின் அந்த மணல் தெற்கே தங்கியது; மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து கரை அரிக்கத் தொடங்கியது. கூவம், அடையாறு வாய்களில் கோடையில் ஓட்டம் இல்லாததால் மணல் அடைத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் பொக்லைன் இறக்கி வாயை வெட்டிவிடுகிறோம். கதவைத் திறந்து வைப்பது நம் வேலைதான். ஆனால் புயல் நாளில், திறந்த கதவுக்கு வெளியே கடல் நம்மைவிட உயரமாக நிற்கிறது.

ஆகவே சில மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும், கடல் வாங்காது. இதை யாரும் மாற்ற முடியாது. அந்த மணி நேரங்களில் மழை நீர் எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

2. காத்திருந்த இடங்கள்

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அதில் 30 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 67,000 லிட்டர். கோடையில் நாம் 12,000 லிட்டர் லாரிக்குத் தவம் கிடக்கிறோமே, அதில் ஐந்தரை லாரி. மனை வெறும் மண்ணாக இருந்தால், அதிலும் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடமாக இருந்தால், ஒரு பங்கு இறங்கிவிடும். சுவரிலிருந்து சுவர்வரை டைல்ஸ் ஒட்டியிருந்தால் ஐந்தரை லாரித் தண்ணீரும் நேரே தெருவுக்கு வரும். உங்கள் தெருவில் எத்தனை மனை என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த நீரைச் சுமக்கவே ஒரு காலத்தில் சங்கிலித் தொடராக ஏரிகள் இருந்தன. ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. ஊர்ப் பெயர்களிலேயே அது இருக்கிறது. அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்கிறோம். தாங்கல் என்றால் சிறிய ஏரி. தண்ணீரைத் தாங்கியதால் தாங்கல்.

முன்னோர் வெள்ளத்தைத் தடுக்க ஏரி வெட்டினார்கள் என்று மேடைகளில் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர்கள் நெல்லுக்காக வெட்டினார்கள். பெருமழையில் ஏரிகள் உடைந்ததும் உண்டு. ஆனால் ஒவ்வோர் ஏரியும் தன்னைக் கடந்துபோகும் வெள்ளத்தைச் சில மணி நேரம் பிடித்து வைத்து அனுப்பியது. நிரம்பிய ஏரிகூட, பரந்த பரப்பில் ஓரடி ஏறி இறங்கும்போது வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும். இப்படிப் பத்து ஏரிகளைத் தாண்டி நீர் முகத்துவாரத்துக்கு வரும்போது கடல் இறங்கியிருக்கும்.

தென்சென்னையில் இந்தத் தொடரின் கடைசி அறை பள்ளிக்கரணை. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரெல்லாம் அந்தச் சதுப்பில் பரவி, ஒக்கியம் மடுவு என்ற ஒரே வாய் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே கோவளம் முகத்துவாரம்வரை போய்க் கடலைச் சேரும். நேர் கோட்டில் பார்த்தால் கடல் கிழக்கே கூப்பிடு தூரத்தில். ஆனால் நீர் போகும் வழி தெற்கே பல கிலோமீட்டர். சதுப்பு பெரிதாக இருந்தவரை இந்தச் சுற்றுவழி யாரையும் தொந்தரவு செய்யவில்லை. நீருக்கு அவசரமில்லை, காத்திருக்க இடம் இருந்தது.

3. பதிவேட்டில் இல்லாத வேலை

அந்த இடங்கள் எப்படிப் போயின? 'ஆக்கிரமிப்பு' என்று சொன்னதும் ஏரிக்கரைக் குடிசைதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம்வரை கிடந்த நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரிப் படுகையில்தான். முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்றே வீட்டுவசதித் திட்டத்துக்குப் பெயர். பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின. பள்ளிக்கரணையில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வந்தது. அரசு நிறுவனங்கள் வந்தன. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி ஐ.டி. கட்டடங்கள் வந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பில், 2022-ல் ராம்சார் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பரப்பு 1,247.54 ஹெக்டேர்.

போன பரப்பில் சராசரி ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றிருக்கும் என்று வைத்துக்கொண்டால்கூட, ஏறத்தாழ மூன்றே முக்கால் கோடி கன மீட்டர். நகருக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவ்வளவு நீர் இன்று காத்திருக்க வேறு இடம் தேடுகிறது. நம் கூடத்தில், கார் நிறுத்தும் அடித்தளத்தில், மின்மாற்றிப் பெட்டியில்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். வயல்கள் மனைகளானதும் ஏரிக்கு ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாயும் வயல், இல்லாமல் போனது. ஆயக்கட்டு இல்லாத ஏரி, ஏட்டின்படி, வேலையில்லாத ஏரி. பிறகு வகைமாற்றம், ஒதுக்கீடு, லே-அவுட், பட்டா என்று ஒவ்வொரு தாளும் முறைப்படி நகர்ந்தது. அந்த ஏரி இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. வெள்ளத்தைச் சில மணி நேரம் உட்காரவைத்து அனுப்பும் வேலை. அதற்குப் பதிவேட்டில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் அதை யாரும் இழப்பாக எழுதவில்லை.

4. மூன்று டிசம்பர்கள்

நான் சொல்வது சரியா என்று மூன்று ஆண்டுகளை வைத்துப் பார்ப்போம்.

2015. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. மழை. 1918-க்குப் பிறகு அந்த மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை. ஆண்டு முழுவதற்கும் சென்னையின் சராசரியே 1,400 மி.மீ. அளவில்தான். ஏரிகள் ததும்பின. டிசம்பர் 1 அன்று வந்தது புயலே அல்ல, குறைந்த காற்றழுத்தம்தான். தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது, அதாவது வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். முடிச்சூர், தாம்பரம் பக்கத்து ஏரிகளின் நீரும் அடையாற்றில் சேர்ந்தது. விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. பருவம் முழுவதுமாகத் தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

செம்பரம்பாக்கம் மதகை முன்னதாகத் திறந்திருக்கலாமே என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது. விவாதம் நியாயமானது. ஆனால் மதகுக்குப் பக்கத்தில் நிற்கும் பொறியாளரின் நிலையையும் பாருங்கள். நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், நகரின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடிநீருக்காக நிரப்பி வை, வெள்ளத்துக்காகக் காலி செய்து வை என்று ஒரே ஏரியிடம் இரண்டையும் கேட்கிறோம். மற்ற ஏரிகளின் பாரமெல்லாம் இதன் தலையில் விழுந்ததால் வந்த சங்கடம் அது.

2016. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மேலேயே கரை கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. சில புறநகர்ப் பகுதிகளில் 30 செ.மீ.க்கு மேல் மழையும் பெய்தது. ஆனால் வெள்ளம் என்று யாரும் அந்தப் புயலை நினைவு வைத்திருக்கவில்லை. ஏன்? புயல் வேகமாகக் கடந்துவிட்டது. அதோடு, அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைவு. ஏரிகள் காலியாகக் கிடந்தன. வந்த நீருக்கு உட்கார இடம் இருந்தது.

2023. மிக்ஜாம் புயல் சென்னையில் கரை கடக்கவே இல்லை. டிசம்பர் 4 அன்று நகரிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் கடலிலேயே மெல்ல ஊர்ந்து, மறுநாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை ஏறியது. இங்கே இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் படகு ஓடியது. வடக்கே மணலி, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து, வீட்டுச் சுவரிலும் மீனவர் படகிலும் கறுப்பாகப் படிந்தது.

தலைமேல் வந்த புயல் வெள்ளம் தரவில்லை. தள்ளிப் போன புயல் தந்தது. புயலே இல்லாத ஒரு நாள் எல்லாவற்றையும்விட அதிகம் தந்தது. புயலின் பாதையை மட்டும் பார்த்து இழப்பை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

5. நின்ற நீர் என்ன செய்கிறது

ஓடும் நீர் அடித்துச் செல்லும், கண்ணுக்குத் தெரியும். நிற்கும் நீர் சத்தமில்லாமல் தின்னும். நகர வெள்ளத்தின் இழப்பில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகை.

மிக்ஜாமுக்குப் பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறைக்குப் போயிருந்தேன். நான்கு லேத்துகள். தண்ணீர் ஒரு நாளில் வடிந்திருந்தால் துடைத்து, எண்ணெய் விட்டு ஓட்டியிருப்பேன் என்றார் உரிமையாளர். மூன்று நாள் நின்றதில் பேரிங்கெல்லாம் துருப்பிடித்து, கட்டுப்பாட்டுப் பலகையின் மின்சுற்றுகளில் சேறு உறைந்துவிட்டது. ஆர்டர் கொடுத்த பெரிய நிறுவனம் அந்த வாரமே வேறு பட்டறையைப் பார்த்துக்கொண்டது. இயந்திரத்துக்குக் காப்பீடு இருந்தது. இழந்த ஆர்டருக்கு இல்லை. அவரிடம் வேலை பார்த்த ஆறு பேருக்கு அந்த மாதச் சம்பளம் பாதி.

இந்தப் பட்டறைக்காவது காப்பீடு இருந்தது. தரைத்தளத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடையாது. குளிர்சாதனப் பெட்டி, மெத்தை, பிள்ளைகளின் சான்றிதழ், ரேஷன் அட்டை, தையல் இயந்திரம் என்று தனித்தனியே சின்னவை. கூட்டினால் ஒரு குடும்பத்தின் மூன்றாண்டுச் சேமிப்பு. 2023-ல் அரசு தந்த 6,000 ரூபாய் அந்த வாரத்தை ஓட்ட உதவியது. இழந்ததை மீட்க அது போதுமா என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இன்னொரு கசப்பான விஷயம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகள் யாருக்காகக் கட்டப்பட்டன? ஆற்றங்கரைகளிலும் கடற்கரையிலும் இருந்து அகற்றப்பட்டவர்களுக்காகப் பெருமளவு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைப் பாதுகாப்புக் கருதிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினோம். அது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். ஆற்றின் வாசலிலிருந்து எடுத்து, நீர் காத்திருக்கும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தோம்.

6. வடிகால் மட்டும் போதுமா?

2015-க்குப் பிறகு நகரம் சும்மா இருக்கவில்லை. கோசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனிலும், கோவளம் வடிநிலத்தில் ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி உதவியிலும் மழைநீர் வடிகால்கள் கட்டப்படுகின்றன. மிக்ஜாமுக்குப் பிறகு ஒன்றிய அரசு சென்னைப் படுகைக்கென்று 561.29 கோடி ரூபாய் வெள்ளத் தணிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இவற்றால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. சாதாரண மழைக்குப் பல தெருக்கள் இப்போது ஒரு மணி நேரத்தில் வடிகின்றன.

ஆனால் வடிகால் நீரை இடம் மாற்றும்; இல்லாமல் ஆக்காது. மேட்டில் இருப்பவருக்கு அது விடுதலை. பள்ளத்தில் இருப்பவருக்கு, முன்பு ஆறு மணி நேரத்தில் வந்த தண்ணீர் இப்போது இரண்டே மணி நேரத்தில் வருகிறது. கடல் வாங்காத நாளில் வடிகால் என்பது குழாய் வடிவத்தில் ஒரு குளம். என் குளியலறைச் சல்லடையில் வந்த நீரும் அப்படித் திரும்பி வந்ததுதான்.

தெருவிலும் இதே கதைதான். நாங்கள் குடிவந்தபோது அந்த வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில், 2015-க்குள் ஒரு படி இறங்கவேண்டி வந்தது. எதிர் மனையில் புது அடுக்குமாடி கட்டியவர் சாலையைவிட மூன்றடி உயர்த்திக் கட்டினார். பக்கத்துத் தெருவில் ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார். தனித்தனியே ஒவ்வொருவரும் செய்தது புத்திசாலித்தனம். சேர்ந்து பார்த்தால், தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளும் போட்டி.

மழையும் பழைய மழையாக இருக்கப்போவதில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. முகத்துவாரத்தின் கதவு மூடியிருக்கும் நேரம் கூடுமே தவிரக் குறையாது.

7. எழுதி வைக்க வேண்டியவை

நமக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை இது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1929-லும் 1935-லும் பெருவெள்ளம் வந்தது. அதன்பின் 1940களில் நகருக்கு மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு அணைகள் கட்டினார்கள். சாதாரண நாளில் உள்ளே தண்ணீர் இருக்காது. வெள்ளம் வந்தால் காத்திருக்க மட்டுமே அந்த இடம். ஆனால் முழுக் கொள்ளளவுக்கு நீர் எட்டும் எல்லைவரை நிலத்தை அரசு கையகப்படுத்தவில்லை. எஞ்சிய நிலத்தில் வீடுகள் எழுந்தன. 2017-ல் ஹார்வி புயல் கரையேறி அங்கேயே நாள்கணக்கில் நின்றபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தாங்கள் ஓர் ஏரிக்குள் வீடு வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டன. 2019-ல் நீதிமன்றம் அரசின் பொறுப்பை உறுதி செய்தது. ஹார்வியைப் பற்றி 2018-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது: ஹூஸ்டனின் கட்டடப் பரப்பு நீரின் ஓட்டத்தை மட்டுமல்ல, பெய்த மழையின் அளவையே கூட்டியிருக்கிறது. நகரமும் புயலும் இரு தனிக் காரணங்கள் அல்ல என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு சான்று.

ஹூஸ்டனிலும் சரி, வேளச்சேரியிலும் சரி, நீருக்கு உரிய இடம் எது என்பது வாங்கியவரின் கையிலிருந்த தாளில் இல்லை. என் பரிந்துரைகள் மூன்றும் அந்தத் தாளைப் பற்றியவைதான்.

முதலாவது, எஞ்சியிருக்கும் ஒவ்வோர் ஏரிக்கும், தாங்கலுக்கும், சதுப்புக்கும் ஆயக்கட்டுக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: இது எவ்வளவு வெள்ளத்தை எத்தனை மணி நேரம் பிடித்து வைக்கிறது? அந்த எண் ஏட்டில் ஏறிவிட்டால், நாளை அந்த ஏரியை வகைமாற்றம் செய்யும் கோப்பில், எவ்வளவு நீர் தெருவுக்கு வரும் என்பதையும் யாரோ ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, குடிநீர் ஏரிகளில் பருவமழைக் காலத்துக்கு மட்டும் ஒரு பங்கை வெள்ளத்துக்கென்று காலியாக வைக்கும் விதி. எவ்வளவு, எந்தத் தேதிவரை, என்ன முன்னறிவிப்பு வந்தால் எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் அக்டோபருக்கு முன்பே எழுதி ஊரறிய வெளியிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மதகருகே நிற்கும் பொறியாளர் மேலிடத்துக்குத் தொலைபேசியில் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, வீட்டுப் பத்திரத்தில் வெள்ள மட்டம். வில்லங்கச் சான்றில் அடமானம் வருகிறது. அந்த மனையில் 2015-ல் எத்தனை அடி நீர் எத்தனை நாள் நின்றது என்பதும் வரட்டும். வாடகை ஒப்பந்தத்திலும் வரட்டும். விலை குறையும் என்பார்கள். குறையட்டும். இன்று அந்த விலை வித்தியாசத்தைக் கொடுப்பது தரைத்தளத்தில் குடியிருப்பவர். மெத்தையாகவும் தையல் இயந்திரமாகவும் கொடுக்கிறார்.

கடைசியாக அந்தப் பென்சில் கோடுகளுக்கு வருகிறேன். 2016 மே மாதம் அந்த வீட்டைக் காலி செய்தோம். முன்பணத்தைத் திரும்ப வாங்கப் போன அன்று வீட்டுக்காரர் ஆள் வைத்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், வெள்ளத்தின்போது எங்களுக்கு மாடியில் இடம் கொடுத்தவர் அவர்தான். என் மகள் படிக்கட்டுச் சுவரைத் தேடிப் போனாள். 3, 4, 5 எல்லாம் போயிருந்தன. '2' என்ற எண் மட்டும் ஈரச் சுண்ணாம்புக்குள் மங்கலாகத் தெரிந்தது. "இன்னொரு கோட்டிங் போட்டா மறைஞ்சிடும்மா" என்றார் வெள்ளையடிப்பவர், அவளைச் சமாதானப்படுத்தும் குரலில்.

அடுத்து அங்கே குடிவந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் அவர்கள் அங்கே இருந்திருந்தால், எத்தனை மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள், எந்த வாசலில் அடுக்கியிருப்பார்கள் என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.